கயிற்றை யார் பிடிப்பது

புதிதாகக் கதையாட்ட மேசை நடத்த வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். நீங்கள் எல்லோரும் சேர்ந்து எழுதிய விதிப்புத்தகத்தை எனக்கு அனுப்பியிருந்தீர்கள். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தேன். வாளுக்கு ஓர் அத்தியாயம், வில்லுக்கு ஓர் அத்தியாயம், மந்திரத்துக்கு இரண்டு. தொழிலுக்கு மட்டும் அரைப்பக்கம். ‘தச்சர்: பகடையில் கூட்டல் இரண்டு. சமையல்காரர்: கூட்டல் ஒன்று.’ முடிந்தது கதை. கத்தி எடுக்காதவன் என்றால் உங்களுக்கும் இளக்காரம்தான் போலிருக்கிறது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். தொண்டை போய், டாக்டர் பேச்சைக் குறைக்கச் சொல்லி, வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆள் நான். வாய்க்கு வேலை இல்லாதபோது எழுத்தில் கொஞ்சம் காரம் ஏறிவிடுகிறது.

நாம் செய்கிற வேலையை வெளியாட்களிடம் நான் இப்படித்தான் சொல்வேன். ஒரு மேசை, சுற்றி நாலைந்து பேர், சில பகடைகள். ஒவ்வொருவரும் ஒரு கற்பனை ஆளாக இருந்து பேசுவார்கள். நான் உலகத்தையும் மழையையும் திருடனையும் சொல்லிக்கொண்டு போவேன். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று சொல்வார்கள். சந்தேகம் வந்தால் பகடை தீர்த்துவைக்கும். ‘இதுக்குச் சம்பளம் வேற தாராங்களா?’ என்று என் மைத்துனி கேட்டாள். ஷிப்பிங் ஏஜென்ட் அலுவலகத்தில் நல்ல நாற்காலியை விட்டுவிட்டு இதற்கு வந்தவனிடம் வேறு என்ன கேட்பாள்.

தூத்துக்குடியில் என் மேசை ஒரு மாடி அறையில் இருந்தது. கீழே வெல்டிங் பட்டறை. நான் ‘காட்டில் நிசப்தம்’ என்று சொல்லும்போதெல்லாம் கீழே கிரைண்டர் கத்தும். எல்லோரும் சிரிப்பார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டால் இப்போதும் என் காது அந்தக் கிரைண்டர் சத்தத்தைத் தேடுகிறது. அந்த அறையை இப்போது ஒரு டியூஷன் சென்டர் எடுத்திருக்கிறது. அந்தப் பக்கம் போனால் நான் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். பெயரைப் போட்டால் வெளிநாட்டிலிருந்து போன் செய்து திட்டுவார், அதனால் போடவில்லை. எல்லோரும் ‘அக்கா’ என்பார்கள், நரைத்த தலையோடு நானும். நான் மேசை நடத்தத் தொடங்கிய புதிதில் எனக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். அதுதான் பயம்.

அப்போது துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஒருவர் விளையாட வந்துகொண்டிருந்தார். ஆட்டத்தில் அவர் பெரிய மல்லன். இரண்டு கைக்கும் கோடரி. ஆனால் பாத்திரத்தின் தொழில் என்ற இடத்தில் ‘தையல்காரர்’ என்று எழுதியிருந்தார். மற்றவர்களுக்கு அது ஒரு கேலி. ஒருநாள் கதையில் புயலடித்துக் கப்பலின் பாய் கிழிந்தது. ‘நான் தைக்கேன்’ என்றார். பகடையை உருட்டுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னாலிருந்து முறுக்குச் சத்தம் நின்றது.

“எதுக்கு உருட்டணும்?” என்றார் அக்கா. பிறகு அந்த ஆளிடம், “எப்படித் தைப்பீங்க? சொல்லுங்க” என்றார்.

அவர் சொன்னார். நூலை மெழுகில் இழுப்பது, கிழிசலின் இரண்டு ஓரத்தையும் மடிப்பது, காற்று எந்தப் பக்கம் இழுக்கும் என்று பார்த்துத் தையலைப் போடுவது. முடித்துவிட்டு, “எங்கப்பா தையக்காரரு. கடைய என்கிட்ட விடணும்னு ஆசப்பட்டாரு. நான் கிரேனுக்குப் போயிட்டேன்” என்றார். அவ்வளவுதான். அடுத்து கோடரியைத் தூக்கிக்கொண்டு அவர் பாட்டுக்குக் கடற்கொள்ளையர்களை அடிக்கப் போய்விட்டார்.

அன்றைக்கு மாடிப்படி இறங்கும்போது அக்கா சொன்னது இது. வாளை எல்லோரும் சும்மா ஜாலிக்கு எடுக்கிறார்கள். தொழிலை யாரும் ஜாலிக்கு எழுதுவதில்லை. தன்னால் ஆக முடியாமல் போனதையோ, விட்டுவிட்டு வந்ததையோதான் எழுதுகிறார்கள். அதனால் தொழில் தெரிந்தவனிடம் பகடை கேட்காதீர்கள்; அவனுக்கு அது தெரியும் என்று ஒப்புக்கொள்ளுங்கள். நான் தலையாட்டிவிட்டேன். முழுதாகப் புரிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அது புரிய எனக்கு ஜெரால்டு வரவேண்டியிருந்தது.

ஜெரால்டு கப்பலில் ஃபிட்டர். நாற்பதைத் தாண்டிய ஆள், கை இரண்டும் இரும்பு. ஒரு சனிக்கிழமை ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் மாடியேறி வந்து, உட்காரக்கூட இல்லாமல் கேட்டார்.

“அண்ணாச்சி, உங்க ஆட்டத்துல ஒருத்தன் ஒண்ணு கேட்டா மத்தவன் பதில் சொல்லித்தான ஆவணும்?”

“ஆமா. கதையில இருக்க ஆளு கேட்டா, கதையில இருக்க ஆளு பதில் சொல்லணும். இல்லன்னா ஆட்டம் எப்படிப் போவும்?”

“அப்ப எனக்கும் ஒரு எடம் போடுங்க.”

ஏன் என்று நான் கேட்கவில்லை. தெரியும். என் மேசையில் கிளாட்வின் என்று ஒரு பையன் ஆடிக்கொண்டிருந்தான். பையன் என்று சொல்கிறேன், முப்பது வயது. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பிளான்ட் பார்த்துக்கொள்கிறவன். ஜெரால்டின் மனைவி ஸ்டெல்லா அவனுடைய அக்கா. அந்தப் பெண் டெங்குக் காய்ச்சலில் இறந்துபோனாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் ஒரு வாரம் தாங்கவில்லை. அப்போது ஜெரால்டு, பிரேசிலில் சரக்கேற்றிக்கொண்டு கிழக்கே வந்துகொண்டிருந்த கப்பலில் இருந்தார். நடுக்கடலில் இறங்க ஏது வழி? அடக்கத்தைப் போனில் காட்டினார்கள். படம் நின்று நின்று வந்து பாதியில் அறுந்துபோயிற்று. அவருக்குப் பதில் ஆள் கிடைத்து ஊர் வந்து சேர மாதக்கணக்கு ஆகிவிட்டது.

வந்த பிறகு மைத்துனன் அவரிடம் பேசவில்லை. வீட்டுக்குப் போனால் கிளாட்வின் பின்வாசல் வழியாகப் போய்விடுவான். பெரிய மாதா கோயிலில் எதிரெதிரே வந்தால் தலையைக் குனிந்துகொள்வான். அக்காள் சாவுக்கு வராத கோபம் என்று ஊர் பேசிக்கொண்டது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

“அவன்கிட்ட சண்டையா போடப் போறேன்? எனக்குக் கேக்கதுக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு அண்ணாச்சி” என்றார் ஜெரால்டு. “கடைசில அவகூட இருந்தது அவன் மட்டுந்தான். அவ என்ன சொன்னா? என்ன கேட்டா? அது தெரியாம என்னால கப்பலேற முடியல. ரெண்டு கம்பெனி கூப்பிட்டாச்சு. பெட்டிய எடுக்கேன், திரும்பி வைக்கேன்.”

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆட்டத்தை ஒரு பொறியாக வைத்து ஒருவனைப் பிடிப்பது நம் வேலை இல்லை. நான் கிளாட்வினைத் தனியாகக் கூப்பிட்டு, “உன் மச்சான் ஆட வாராரு. உனக்குச் சரியில்லன்னா சொல்லு, வேற நாளுக்கு வச்சிருதேன்” என்றேன். “வரட்டும். டேபிள் எல்லாருக்கும் பொதுதான” என்றான். வேண்டாம் என்று சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன்.

மேசையில் இன்னும் இரண்டு பேர். சுப்புலட்சுமி, ஆற்றங்கரை நெல் ஊரிலிருந்து வந்து இங்கே காலேஜில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர்; ஆட்டத்தில் இரக்கமில்லாத கொள்ளைக்காரி. முத்துராஜ், மாப்பிள்ளையூரணியில் டூவீலர் ஸ்பேர்ஸ் கடை வைத்திருப்பவர். ஆட்டத்தில் வாள்வீரன், வாழ்க்கையில் வாயாடி. ஜெரால்டு தன் பாத்திரத்துக்குத் தொழில் ‘முத்துக்குளிப்பவர்’ என்று எழுதினார். கிளாட்வின் ஆரம்பத்திலேயே ‘தூதன்’ என்று எழுதியிருந்தான். ஒருவர் சொன்ன சேதியை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பவன். அதில் அவன் காட்டிய கண்டிப்பு எங்களுக்கெல்லாம் வேடிக்கை. கொள்ளைக்காரி ராஜாவுக்குச் சொல்லியனுப்பிய கெட்ட வார்த்தையை, ராஜசபையில் நின்று, ஒரு எழுத்துக் குறையாமல் சொல்லி உதை வாங்கினான். “கொஞ்சம் மாத்திச் சொல்லக் கூடாதாடே?” என்று முத்துராஜ் கேட்டதற்கு, “மாத்தக் கூடாது. மாத்துனா அவன் தூதனே கிடையாது” என்றான். முகத்தில் சிரிப்பே இல்லை.

அப்படிச் சில வாரங்கள் போயின. கதைக்குள் இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். “தூதரே, இந்த ஊர்ல நல்ல தண்ணி எங்கன கிடைக்கும்?” என்பார் ஜெரால்டு. “கோட்டைக்கு வடக்கால ஒரு கிணறு இருக்கு” என்பான் கிளாட்வின். கிணறு இருக்கிறதா என்று நான்தான் சொல்லவேண்டும். நான் வாயைத் திறக்கமாட்டேன். இருக்கட்டும் ஒரு கிணறு. ஜெரால்டுக்குத் தண்ணீர் வேண்டியதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் குரலைக் கேட்கவேண்டும், அவ்வளவுதான். ஸ்டெல்லா பேசுவதும் அதே இழுப்புத்தானாம். டீக்கு எழுந்தால் அதோடு சரி. கிளாட்வின் கிளாஸைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்குப் போய்விடுவான். ஜெரால்டு அவன் விட்டுப்போன காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு டீயை ஆறவைப்பார்.

கடைசி வாரத்தில் கதை கடலுக்கு வந்தது. ராஜாவின் மகளைச் சிறையிலிருந்து மீட்க ஒரு முத்து வேண்டும். அது ஆழத்தில் ஒரு பாரில், கடலடிப் பாறைத் திட்டில், இருக்கிறது. ஜெரால்டின் ஆள் இடுப்பில் கயிறு கட்டி முங்கவேண்டும். படகில் ஒருவர் கயிற்றைப் பிடிக்கவேண்டும். எங்கள் ஆட்டத்தை வடிவமைத்த சென்னைக்காரர் விதியில் தெளிவாக எழுதியிருந்தார்: கயிறு பிடிக்கும் திறனில் யாருக்கு அதிகப் புள்ளியோ அவர் பிடிக்கலாம். அந்தக் கணக்கில் முத்துராஜின் வாள்வீரனுக்குத்தான் அதிகம்.

“சரி, முத்துராஜ் பிடிக்கிறார்” என்று நான் விதியைப் பார்த்துச் சொன்னதும் முத்துராஜ் பதறிவிட்டார்.

“அய்ய, நான் எப்படி அண்ணாச்சி பிடிக்க? நான் என்ன மொறை அவருக்கு?”

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. முத்துக்குளி நின்றுபோய்க் காலமாயிற்று. ஆனாலும் இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் இது: முங்குகிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிப்பான். தன் அக்காள் தங்கையின் வாழ்க்கை அந்தக் கயிற்று நுனியில் இருக்கிறது என்பதால் அவன் கண்ணை எடுக்கமாட்டான். புள்ளி எவ்வளவு இருந்தாலும் முறையில்லாதவன் தொடுவதில்லை. சென்னையில் உட்கார்ந்து எழுதியவருக்கு இது தோன்றியிருக்காது. விளையாட்டுத்தானே என்று விட்டுவிட எங்கள் ஆட்களாலும் முடியவில்லை.

“கதைக்குத்தானங்க” என்றார் சுப்புலட்சுமி. அவர் ஆற்றங்கரைக்காரர்.

“கதைன்னாலும் மொறைன்னு ஒண்ணு இருக்குல்லா” என்ற முத்துராஜ் அதே மூச்சில் சொல்லிவிட்டார்: “எதுக்கு வெளியாளு? ஜெரால்டு அண்ணனுக்க மச்சினன்தான் இங்கன இருக்காரே!”

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். கெட்ட எண்ணம் கிடையாது. கயிறு என்றதும் மைத்துனனைத் தேடுவது இந்த ஊர் வாய்க்குத் தானாக வருகிறது. கீழே கிரைண்டர்கூட அந்த நேரம் பார்த்து நின்றுவிட்டது.

எனக்குத் தப்பிக்க வழி இருந்தது. நானே ஒரு படகோட்டியை உண்டாக்கி, இவன்தான் முத்துக்குளிப்பவரின் மைத்துனன் என்று சொல்லிக் கயிற்றை அவனிடம் கொடுத்திருக்கலாம். கதை நகர்ந்திருக்கும். ஆனால் ஜெரால்டின் முகத்தைப் பார்த்தேன். அவர் கிளாட்வினைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லாத ஒரு மைத்துனனை நான் அவருக்கு எதிரில் உண்டாக்கி வைத்தால் அதைவிடக் கேவலம் வேறில்லை என்று பட்டது. பேசாமல் இருந்தேன். இந்த வேலையில் பேசாமல் இருப்பதுதான் ரொம்பக் கஷ்டம். தொண்டை நன்றாக இருக்கும்போது அதைவிடக் கஷ்டம்.

“தூதன் பிடிக்கான்” என்றான் கிளாட்வின். குரல் தரையைப் பார்த்து வந்தது.

ஜெரால்டு முங்கினார். கயிற்றை அசைத்தால் மேலே இழுக்கவேண்டும், அதுதான் அடையாளம். ஒவ்வொரு சுற்றிலும் நான் கேட்டேன், மூச்சு இவ்வளவு இருக்கிறது, மேலே வருகிறீர்களா என்று. இல்லை, இன்னும் தேடுகிறேன் என்றார். மறுபடி கேட்டேன். இன்னும் தேடுகிறேன். முத்துராஜ் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். சுப்புலட்சுமி, “சிப்பி கிடைச்சாச்சுல்லா, வாங்க மேல” என்றார். ஜெரால்டு கண்ணை மூடியிருந்தார்.

“இங்கன நல்லாருக்கு அண்ணாச்சி” என்றார். “ஒரு சத்தமும் இல்ல. யாரும் ஒண்ணும் விசாரிக்க மாட்டாங்க.”

இவர் முத்தைத் தேடவில்லை; இவருக்கு மேலே வரப் பிடிக்கவில்லை. ஆட்டத்தை நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன்.

“இழுக்கேன்” என்றான் கிளாட்வின்.

“அவரு கயித்த அசைக்கலியே. விதிப்படி...” என்று சுப்புலட்சுமி ஆரம்பித்தார்.

“இழுக்கேன்னு சொல்லுதம்லா!” என்று கத்திவிட்டான். இரண்டு கையும் மேசைவிரிப்பைப் பிடித்து இழுத்தது. பகடையெல்லாம் உருண்டு கீழே விழுந்தது. விதிப்படி, அடையாளம் இல்லாமல் இழுத்தால் எடுத்த சிப்பி அத்தனையும் போய்விடும். போகட்டும். “வந்துவிட்டார், படகில் கிடக்கிறார், மூச்சு இருக்கிறது” என்றேன்.

ஜெரால்டு கண்ணைத் திறந்தார். நேராகக் கிளாட்வினைப் பார்த்தார்.

“தூதரே, எனக்கு ஏதும் சேதி உண்டா?” என்று கேட்டார்.

அவர் அதை எத்தனை வாரமாக மனதில் வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. யார் கொடுத்தனுப்பிய சேதி என்று அவர் சொல்லவில்லை. அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

கிளாட்வின் குனிந்து தரையிலிருந்து ஒரு பகடையை எடுத்தான். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். “டைஸ் போடணுமா அண்ணாச்சி? சேதி ஞாபகம் இருக்கான்னு?”

அப்படி ஒரு விதி உண்டு. உருட்டச் சொன்னால், எண் குறைந்தால், சேதி மறந்துபோயிற்று என்று சொல்லி அவன் தப்பிக்கலாம். அதற்காகத்தான் கேட்கிறான். அந்தப் பக்கம் ஜெரால்டு மூச்சுவிடாமல் இருக்கிறார். ஒருவருக்கு நான் நல்லது செய்தால் இன்னொருவருக்குக் கெடுதல். தையல்காரர் விஷயத்தில் அக்கா சொன்ன வார்த்தையை அப்படியே எடுத்து இங்கே வைக்கவும் முடியாது. கிழிந்த பாயைத் தைப்பதும் இதுவும் ஒன்றா?

“டைஸ் வேண்டாம்” என்றேன். “சேதி உனக்குத் தெரியும். ஆனா சொல்லியே ஆகணும்னும் இல்ல. சேதிய வச்சுக்கிட்டு இருக்கதும் தூதன் வேலைதான். எப்ப சொல்லணும்னு அவனுக்குத்தான் தெரியும்.”

நீங்கள் என்னிடம் எதையாவது கற்றுக்கொள்வதாக இருந்தால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒருவன் தன் தொழில் என்று எதை எழுதுகிறானோ, அதில் முடிவெடுப்பவன் அவன்தான். பகடையும் இல்லை, நாமும் இல்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு நகர்ந்து நில்லுங்கள். உள்ளே தள்ளாதீர்கள். அதற்குப் பிறகு அங்கே என்ன நடக்கிறதோ அதற்கு விதிப்புத்தகத்தில் பக்கம் கிடையாது.

கிளாட்வின் பகடையை மேசைமேல் வைத்தான். கதைக்குள் இருக்கிறவன் மாதிரித்தான் ஆரம்பித்தான்.

“படுக்கையில இருந்தவங்க ஒரே கேள்விதான் கேட்டாங்க. அவுக எங்கன வாராகன்னு. கண்ணு முழிச்சா அதான். தண்ணி குடுத்தா அதான்.” பிறகு குரல் மாறிவிட்டது. “கப்பல்ல இருக்காருக்கா, கப்பல்ல இருக்காருக்கான்னு சொல்லிச் சொல்லிப் பாத்தேன். திரும்பத் திரும்பக் கேட்டா. கடைசி நாளு சாயங்காலம் என்னால முடியல. கொழும்பு தாண்டியாச்சுக்கான்னு சொல்லிட்டேன். காலைல தூத்துக்குடி வந்துருவாருன்னு சொல்லிட்டேன்.”

“என்ன செஞ்சா?” என்று கேட்டார் ஜெரால்டு.

“சிரிச்சா. ஏளா, தலையச் சீவி விடுன்னு நர்ஸ்கிட்ட சொன்னா. அந்தப் புள்ளையும் சீவி விட்டுச்சு. அந்தச் சேலைய எடுத்து வைலேன்னா என்கிட்ட. எந்தச் சேலைன்னு கேக்கதுக்குள்ள தூங்கிட்டா. விடியதுக்குள்ள...” கிளாட்வின் முழங்கையால் முகத்தைத் துடைத்தான். “உங்க பேரச் சொல்லி அவள ஏமாத்திட்டேன். உங்க முகத்துல எப்படி முழிக்க? நீங்க வாசல்ல வந்து நிக்கும்போதெல்லாம், கொழும்பு தாண்டியாச்சு, கொழும்பு தாண்டியாச்சுன்னுதான் எனக்குக் கேக்கும்.”

அக்காள் சாவுக்கு வராத கோபம் என்று ஊர் சொன்னது. எல்லோரும் நம்பினோம். அவன் ஏன் சேதியை ஓர் எழுத்து மாற்றாமல் சொல்லும் ஆளாக இருக்க ஆசைப்பட்டான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. சுப்புலட்சுமி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். முத்துராஜ் சிறுபிள்ளை மாதிரித் தேம்பினார்.

எத்தனையோ மேசைகள் நடத்தியிருக்கிறேன். டிராகன் செத்திருக்கிறது, ராஜ்யம் விழுந்திருக்கிறது, யார் யாரோ கைதட்டியிருக்கிறார்கள். ஒன்றும் நினைவில் தங்கவில்லை. இந்தச் சாயங்காலத்துக்காகத்தான் இப்போது சனிக்கிழமைகளில் எனக்கு வீடு கொள்ளமாட்டேன் என்கிறது. இன்னொரு தரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல், அந்த இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவு ஏக்கமாக இருக்கிறது.

ஜெரால்டு எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். கிளாட்வினின் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவன் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார்.

“அன்னைக்கு நாங்க ஆப்பிரிக்காவுக்குக் கீழ இருந்தோம்ல மாப்ள” என்றார். “ஆனா கப்பல் இங்கன பாத்துதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. நீ சொன்னது பொய் இல்லல. நான் வந்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”